தோல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் தங்கைக்கு எத்தனை வருடம் துணை நிற்க வேண்டியிருக்கும்?

உசிலம்பட்டிப் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கும் அவருடைய தங்கை, தோல் புற்றுநோய் உடம்புக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் விஞ்ஞானியாகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். டாக்டருக்குப் படிக்காமல் இது முடியுமா, நம் ஊரில் தோல் புற்றுநோயே கிடையாதே, அந்தச் செல்களைத் தொட்டு வேலை செய்தால் அவளுக்கும் வந்துவிடுமா, சம்பளம் என்ன, பேசாமல் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்துவிடலாமா என்று அடுக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் படித்துவிட்டு யோசித்தால், அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. நான் எத்தனை வருடம் இவளைத் தாங்க வேண்டும், அதற்குப் பிறகாவது தன் காலில் நிற்பாளா என்பதே அது. முதலில் அதற்கு வருகிறேன்.

நான் மேலூர்க்காரி. காமராசர் பல்கலைக்கழகத்தில் முதுநிலை படித்து, வெளியூரில் பி.எச்டி. முடித்து, மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் செல்கள் நகரும் விதத்தைப் பற்றிப் பல வருடங்கள் வேலை பார்த்தவள். இப்போது பாடம் நடத்துகிறேன். சிறியதாக ஓர் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. மருத்துவர் அல்ல. நோயைப் பற்றி நான் சொல்வதை ஓர் ஆய்வாளர் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டார் பொதுவாக பி.எச்டி. வருடங்களை நினைத்துத்தான் மலைக்கிறார்கள். என் அனுபவத்தில் பயப்பட வேண்டிய காலம் அதற்கு அப்புறம் வருவது. பி.எஸ்சி. முடிக்கும்போது உங்கள் தங்கைக்கு 20 அல்லது 21 வயது இருக்கும். எம்.எஸ்சி. இரண்டு வருடம். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணத்தைவிட விடுதிச் செலவுதான் பெரிதாக இருக்கும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு கேட்-பி என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அந்த வழியாக இடம் கிடைத்தால் மாதம் ஒரு தொகையும் கையில் வரும். அதற்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகையை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று வருடம் மாதம் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2023-ல் உயர்த்தப்பட்ட தொகை இது. ஆக 23 வயதிலிருந்து ஐந்து வருடம் அவள் உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை. சிக்கனமாக இருந்தால் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம்.

இதில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். ஒரு தட்டு; கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதி மட்டும் தருவது அதற்குக் கீழ்த்தட்டு. கீழ்த்தட்டில் பணம் வராது. ‘நெட் பாஸ் பண்ணிவிட்டேன்’ என்று அவள் ஓடிவந்து சொன்னால் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதவித்தொகை மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்து விழும் என்றும் நம்ப வேண்டாம்; மூன்று நான்கு மாதத் தொகை சேர்ந்து வருவது இந்தத் தொழிலில் சகஜம். ஐந்து வருடத்தோடு தொகை நின்றுவிடும், ஆராய்ச்சியோ ஆறாவது வருடத்துக்கு இழுக்கும். அந்தச் சில மாதங்களுக்கு வீட்டில் கொஞ்சம் பணம் இருந்தால் போதும், பிள்ளை தலைநிமிர்ந்து ஆய்வேட்டை முடிப்பாள். எந்த உதவித்தொகையும் இல்லாமல், ‘முதலில் சேர்ந்துவிடு, பிறகு ஏதாவது வரும்’ என்று சொல்லும் கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) சேர்வதை மட்டும் நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அப்படிச் சேர்ந்த பல நல்ல பிள்ளைகள் நான்காம் வருடத்தில் பகுதி நேர வேலைக்குப் போய், ஆய்வும் நின்று, வயதும் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள்.

சரி, பயப்பட வேண்டிய காலம் எது? 28, 29 வயதில் பட்டம் கைக்கு வருகிறது. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம்; வேலை கிடையாது. அங்கிருந்து போஸ்ட்டாக் என்று சொல்லப்படும் ஒப்பந்த வேலை, இங்கேயோ வெளிநாட்டிலோ மூன்று முதல் ஐந்து வருடம், சில சமயம் அதற்கும் மேல். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஓய்வூதியம் இல்லை, ஊர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் திரும்பிவர மத்திய அரசின் ராமலிங்கசாமி உதவித்தொகை போன்ற திட்டங்கள் இருக்கின்றன. அவையும் நிரந்தர வேலை தருவதில்லை. ஓர் இடத்தில் காலூன்ற அவகாசம் தருகின்றன. சொந்த ஆய்வுக்கூடம் என்று ஒன்று அமையும்போது பெரும்பாலானவர்களுக்கு வயது 35-ஐ நெருங்கியிருக்கும். அமைகிறவர்கள் சிறுபான்மை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்கவே நிலைமை அதுதான். மற்றவர்கள் பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களுக்கும், மரபணுப் பரிசோதனைக் கூடங்களுக்கும், காப்புரிமை வேலைக்கும், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் போகிறார்கள். போனவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் இந்த வருடங்களில்தான் சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், கூடப் படித்தவர்கள் வீடு கட்டியிருப்பார்கள். பணத்தைவிட, ‘இன்னுமா படிக்கிறாள்’ என்று கேட்பவர்களுக்கு முன்னால் அண்ணன் என்ற முறையில் நீங்கள் நிற்பதுதான் அவளுக்குப் பெரிய உதவி.

டாக்டராக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சந்தேகமில்லாத பதில் இருக்கிறது: வேண்டியதில்லை. புற்றுநோய் பரவுவதைப் பற்றிய இன்றைய அறிவில் பெரும்பங்கு ஐசையா ஃபிட்லர் என்பவருடையது; அவர் அடிப்படையில் கால்நடை மருத்துவர். விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம் என்று எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். நோயாளிக்குச் சிகிச்சை எழுத முடியாது, அவ்வளவுதான். மனிதக் கட்டியின் துணுக்கு தேவைப்பட்டால் மருத்துவமனையில் ஒரு நோய்க்கூறியல் நிபுணரின் கூட்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளியின் சம்மதமும் வேண்டும். அதற்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

நம் ஊரில் தோல் புற்றுநோயே கிடையாதே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. நம் தோலில் இருக்கும் மெலனின் என்னும் நிறமி வெயிலைத் தாங்கிக்கொள்வதால் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் காணும் அளவுக்கு இங்கே மெலனோமா இல்லை. ஆனால் நமக்கென்று சில வகைகள் உண்டு. மும்பையில் வி.ஆர். கானோல்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் 1945-லேயே, வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்புப் பகுதியில் வரும் புற்றைப் பற்றி எழுதினார். காஷ்மீரில் குளிருக்காகக் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை உடம்போடு அணைத்துக்கொள்கிறவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் வருவது இன்னொரு வகை. தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் புற்று கிளம்புவதை அரசு மருத்துவமனை அறுவைச் சிகிச்சை மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மெலனோமாவிலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் ஒரு வகை இருக்கிறது. கறுத்த தோல்காரர்களுக்கு வரும் மெலனோமாவில் அதுவே முக்கியமானது. வெயிலுக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. பாடகர் பாப் மார்லி 1981-ல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இந்த வகையால்தான். வெறுங்காலோடு வயலில் நடப்பதால் வருமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உள்ளங்காலில் உடல் எடை அதிகம் அழுத்தும் இடங்களில் இது கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அழுத்தம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் உள்ளங்காலில் புதிதாக வந்து பெரிதாகிக்கொண்டே போகும் கரும்புள்ளியையும், ஒரே நகத்தில் வந்து அகன்றுகொண்டே போகும் கருங்கோட்டையும் கால் ஆணி என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இங்கே அரிதாக இருக்கும் ஒரு நோயை விடாமல் ஆராய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று கற்றுக்கொள்ள மெலனோமா ஒரு நல்ல பள்ளிக்கூடம். 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர், தோலுக்குள் கட்டி இறங்கியிருக்கும் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை வைத்தே நோயின் போக்கைக் கணிக்க முடியும் என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்ததோடு தீர்ந்துவிடும். நான்கைத் தாண்டிவிட்டால் ஆபத்து பல மடங்கு. நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு புள்ளி நுரையீரலுக்கும் மூளைக்கும் ஆள் அனுப்பிவிடுகிறது. இந்தக் கட்டி பிறக்கும் நிறமிச் செல்கள், நாம் கருவில் இருக்கும்போது முதுகுப் பக்கத்து நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு, உடம்பு முழுக்க நடந்துபோய்த் தோலில் குடியேறியவை. கெட்டுப்போகும்போது அந்தப் பழைய நடை திரும்பிவிடுகிறது என்பது எங்கள் துறையில் பலருக்குப் பிடித்த கருத்து. ஓரளவு சான்றும் உண்டு. முழு விளக்கம் அதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பரவும் செல்கள் கண்ட இடத்தில் தங்குவதில்லை. லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889-ல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, சில உறுப்புகளில் மட்டும் நோய் திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் கவனித்து, விதையும் மண்ணும் பொருந்த வேண்டும் என்று எழுதினார். நம் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. தங்கச்சிமடத்திலிருந்து ஒரே லாரியில் வரும் மல்லிகை நாற்று ஒருவர் கொல்லையில் கொழிக்கும், பக்கத்துக் கொல்லையில் பட்டுப்போகும். பேஜட்டின் யோசனையை ரத்த ஓட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்லி நெடுங்காலம் ஓரங்கட்டினார்கள். ஃபிட்லர்தான் அதைத் திரும்பவும் மேசைக்குக் கொண்டுவந்தார். சுண்டெலியின் ரத்தத்தில் மெலனோமா செல்களைச் செலுத்திப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஆயிரத்தில் ஒன்றுகூடப் பிழைத்துப் புதுக்கட்டி வைப்பதில்லை என்று 1970-ல் கண்டார். 1980-ல் அவரும் இயன் ஹார்ட்டும் எலியின் தொடையில் ஒரு துண்டு நுரையீரலையும் இன்னொரு எலியில் ஒரு துண்டு சிறுநீரகத்தையும் ஒட்டுவைத்து, மெலனோமா செல்களை ரத்தத்தில் விட்டுச் சோதித்தார்கள். இரண்டுக்கும் ரத்தம் பாய்ந்தது. கட்டி வளர்ந்தது நுரையீரல் துண்டில்தான். கண்ணுக்குள் வரும் மெலனோமா பரவினால் பெரும்பாலும் ஈரலையே தேடிப் போகிறது. ஏன் ஈரல் என்பதற்கு இன்றுவரை திருப்தியான பதில் இல்லை. உங்கள் தங்கைக்கு வேலை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பலன் ஏதாவது கண்டார்களா என்றால், இந்தத் துறையில் கண்டிருக்கிறார்கள். 2002-ல், மெலனோமாக்களில் பாதிக்கு மேல் பிராஃப் என்ற மரபணு பழுதாகியிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அதைக் குறிவைக்கும் மருந்து 2011-ல் சந்தைக்கு வந்தது. அதே வருடம், நோய் எதிர்ப்புச் செல்களின் கடிவாளத்தைத் தளர்த்திவிடும் முதல் மருந்தும் வந்தது. அந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்துகள் வருவதற்கு முன்னால், பரவிவிட்ட மெலனோமா என்றால் பெரும்பாலானவர்கள் ஒரு வருடம் தாண்டவில்லை. எதிர்ப்புச் செல்களின் கடிவாளத்தைத் தளர்த்தும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய சோதனையின் 10 வருட முடிவு 2024-ல் வெளியானது; 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நம்மவருக்கு வரும் உள்ளங்கால் வகை இந்த மருந்துகளுக்கு அவ்வளவாக மசிவதில்லை, விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் தெரிய வேண்டும். காலையில் வந்ததும் இன்குபேட்டரைத் திறந்து பிளாஸ்கை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்போம். செல்களுக்கு ஊற்றும் ஊட்டத் திரவம் செம்மை மாறாமல் இருந்தால் நிம்மதி, மஞ்சளாகிவிட்டால் செல்கள் பெருகிப் பசியோடு இருக்கின்றன, மஞ்சளோடு கலங்கலும் சேர்ந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, ஒரு மாத வேலை குப்பைக்குப் போகும். பி16 என்ற எலி மெலனோமா செல்களைச் சுழலியில் போட்டு அடியில் படிய வைத்தால், குழாயின் நுனியில் மை உறைந்ததைப் போல் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். மற்ற செல்கள் வெள்ளையாகப் படியும். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். தட்டில் பரப்பிய செல்களின் நடுவே பிப்பெட் நுனியால் ஒரு கோடு கிழித்து, அந்த இடைவெளி 24 மணி நேரத்தில் எவ்வளவு மூடுகிறது என்று படம் பிடிப்பது ஆரம்பப் பாடம். இடைவெளி மூடிவிட்டால் செல்கள் நகர்ந்துவிட்டன என்று குதிக்கக் கூடாது, பெருகியும் மூடியிருக்கலாம். அதைப் பிரித்துக் காட்ட இன்னொரு சோதனை, அதை உறுதிசெய்ய வேறொன்று. அப்படியே ஒரு வருடம் ஓடும். எலியின் வாலில் ஊசி வழியாக இந்தச் செல்களைச் செலுத்தி, இரண்டு மூன்று வாரம் கழித்து நுரையீரலில் விழுந்த கரும்புள்ளிகளை எண்ணுவதும் உண்டு. செல்லை நாமே ரத்தத்தில் விட்டுவிடுவதால், கட்டியிலிருந்து அது எப்படி வெளியேறியது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அது சொல்லாததையும் சேர்த்து எழுதிவிடும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. புற்றுநோய் மரணங்களில் 90 சதவீதம் பரவலால்தான் என்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நார்வே நாட்டுப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தவர்களுக்கு, திண்மக் கட்டிகளில் (ரத்தப் புற்றுநோய் போன்றவை நீங்கலாக) அது மூன்றில் இரண்டு பங்காகத்தான் வந்தது. எல்லாரும் ஒப்பிக்கும் எண்ணை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிற பிள்ளையா உங்கள் தங்கை என்பதை, மதிப்பெண் பட்டியலைவிட நான் முக்கியமாகக் கேட்பேன்.

செல்களைத் தொட்டால் வருமா? வராது. புற்றுநோய் தொற்றுநோய் இல்லை. வேறொருவருடைய செல்லோ எலியின் செல்லோ தவறி நம் உடம்புக்குள் போனாலும், நம் எதிர்ப்புச் சக்தி அந்நியன் என்று கண்டு பெரும்பாலும் அழித்துவிடும்; விதிவிலக்குகள் மிக மிக அரிது. மனிதத் திசுவில் மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை இருக்கலாம் என்பதால் கையுறையும் தடுப்பூசியும் கட்டாயம். உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது: டி.என்.ஏ.வைத் தாக்கும் சில ரசாயனங்கள், ஃபார்மலின் ஆவி, புற ஊதா விளக்கு, திரவ நைட்ரஜன். ஒழுங்கான ஆய்வுக்கூடத்தில் முதல் வாரமே இதற்குப் பயிற்சி தருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர், ‘கையைக் கழுவிவிட்டுத்தானே காபி கொண்டுவந்தாய் அம்மா’ என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, நல்லவேளை.

இந்த வருடம் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். மூன்று இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் உதவித்தொகையோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் உள்ளூரிலேயே முயலலாம். காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் கண்ணில் வரும் புற்றுநோயைப் பற்றியும் வேலை நடக்கிறது. இரண்டு மாதம் கோடு கிழித்துப் படம் பிடித்த பிறகும் போக வேண்டும் என்றால், அவளைத் தடுப்பது வீண். சலித்துப்போனால், இரண்டு மாதத்தோடு தெரிந்துகொண்டது லாபம். பி.எச்டி.க்கு நெட் மட்டுமல்லாமல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் உயிரியல் நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். தோல் புற்றுநோய் என்ற பெயருக்காக மட்டும் இடம் தேட வேண்டாம். செல் நகர்வதைப் பற்றியோ நோய் எதிர்ப்பைப் பற்றியோ நல்ல வேலை நடக்கும் எந்த ஆய்வுக்கூடமும் போதும். மெலனோமாவுக்குப் பிற்பாடு போய்க்கொள்ளலாம், நானே அப்படி வந்தவள்தான். சேரும் முன் கைடைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே படிக்கும் மாணவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். போன பிள்ளைகள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் விட்டுப்போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அடுத்த இடம் தேடட்டும்.

லேப் டெக்னீஷியன் படிப்பைப் பற்றி: அது மரியாதையான தொழில், சீக்கிரம் வேலை கிடைக்கும், மதுரையில் பரிசோதனை நிலையங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குப் போகும் படிக்கட்டு அது இல்லை. வீட்டில் உடனே ஒரு சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அப்படி இருந்தால் அவளிடம் கணக்கைத் திறந்து காட்டிப் பேசிவிடுங்கள். அந்த நெருக்கடி இல்லையென்றால் எம்.எஸ்சி.யில் சேர்த்துவிடுங்கள். எம்.எஸ்சி. முடிவதற்குள் ஜே.ஆர்.எஃப். வந்துவிடுகிறதா என்று பாருங்கள். முதல் தடவையில் வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் கொடுக்கலாம். அதற்கு மேலும் வரவில்லை என்றால் அப்போது மருந்து நிறுவன வேலைக்கோ பி.எட்.டுக்கோ திரும்ப, அந்த எம்.எஸ்சி. பட்டம் கையில் இருக்கும்.